நிறுத்து என்று யாரும் கத்தலாம்: விவாத அரங்கு நிகழ்ச்சி, ஒரு மதிப்பீடு

தொழிற்சங்கம், பள்ளி, மருத்துவமனை, தொண்டு நிறுவனம் என்று பல இடங்களிலும் நாடகக் குழுக்களை அழைத்து “எங்க பிரச்சினையை வச்சு ஒரு ஃபோரம் தியேட்டர் போட்டுக் கொடுங்க” என்று கேட்கிறார்கள். தமிழில் இதை விவாத அரங்கு என்கிறோம். நேரமும் உழைப்பும் கொடுத்துப் பெறுகிற ஒரு சேவையாக இது எவ்வளவு தேறும் என்பதே இங்கே கேள்வி. மதிப்பீடு குறிப்பிட்ட எந்தக் குழுவையும் பற்றியது இல்லை. யார் செய்து கொடுத்தாலும் இதற்குள் என்னென்ன இருக்க வேண்டும், எது குறைந்தால் எங்கே இடிக்கும் என்பதைத்தான் பார்க்கிறோம்.

தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடலாம். தயாராக வைத்திருக்கும் நாடகத்தோடு ஒரு குழு வந்து ஒன்றரை மணி நேரம் நடத்திவிட்டுப் போகும் ஒற்றைக் காட்சி, பெரும்பாலும் வீண். பிரச்சினையை அனுபவிக்கும் ஆட்களே பட்டறையில் உட்கார்ந்து நாடகத்தை உருவாக்கி, அவர்களே நடிக்கிற முழு வடிவம் என்றால், அரசியல் நாடக வகைகளில் போட்ட உழைப்புக்கு அதிகம் திருப்பித் தருவது இதுதான்.

பார்த்திராதவர்களுக்குச் சுருக்கமாக. 15 முதல் 20 நிமிடத்தில் ஒரு நாடகம். மையப் பாத்திரத்துக்கு ஒரு நியாயமான தேவை இருக்கிறது, அதை அடைய முயல்கிறாள், தோற்கிறாள். தோல்வியோடு நாடகம் முடிகிறது. பிறகு அதே நாடகம் சற்று வேகமாக முதலிலிருந்து மறுபடி ஓடும். இந்த முறை பார்வையாளர்களில் யார் வேண்டுமானாலும் “நிறுத்து” என்று குரல் கொடுத்து, மையப் பாத்திரத்தின் இடத்தில் வந்து நின்று, தான் நினைக்கும் வழியை நடித்தே பார்க்கலாம். எதிர்ப் பாத்திரங்கள் விட்டுக்கொடுக்காமல் எதிர்வினை செய்வார்கள். ஜோக்கர் என்று அழைக்கப்படும் நெறியாளர், என்ன நடந்தது என்று கூட்டத்திடம் கேட்பார். ஒரு நுழைவுக்கும் அதன் மீதான பேச்சுக்கும் சேர்த்து ஏழெட்டு நிமிடம் பிடிக்கும். ஆக, ஒன்றரை மணி நேரத்தில் ஆறேழு நுழைவுகள் கிடைத்தால் நல்ல நிகழ்ச்சி. பதினைந்து நுழைவு வந்ததாக யாராவது பெருமை பேசினால், எதையும் அலசவில்லை என்று புரிந்துகொள்ளலாம்.

நாடகம் ஏன் தோல்வியில் முடிய வேண்டும், தீர்வை ஏன் குழு சொல்லக் கூடாது என்பதற்கு வடிவத்தின் பிறப்பிலேயே பதில் உண்டு. இதை உருவாக்கிய பிரேசில் நாடகக்காரர் அகஸ்டோ போவால் 1960களில் சாவோ பாவ்லோவின் அரேனா அரங்கில் இயங்கியவர். அவருடைய குழு நாட்டின் வடகிழக்கில் விவசாயிகள் முன்னால், நிலத்துக்காக ரத்தம் சிந்துவோம் என்று பாடி, துப்பாக்கி உயர்த்தி நாடகம் போட்டது. நாடகம் முடிந்ததும் விர்ஜிலியோ என்ற விவசாயி வந்து, வாருங்கள், உங்கள் துப்பாக்கிகளோடு நிலத்தை மீட்கப் போவோம் என்றார். அவை மேடைத் துப்பாக்கிகள், சுடாது என்று குழு விளக்கியது. பரவாயில்லை, எங்களிடம் நிஜத் துப்பாக்கி இருக்கிறது, நீங்கள் மட்டும் வாருங்கள் என்றார் அவர். குழுவில் யாரும் போகவில்லை. தான் ஏற்காத ஆபத்தை அடுத்தவருக்கு அறிவுரையாகச் சொல்லக் கூடாது என்ற முடிவுக்குப் போவால் வந்தது அங்கேதான். 1971இல் ராணுவ ஆட்சியில் கைதாகிச் சித்திரவதைக்குப் பின் நாட்டைவிட்டு வெளியேறினார். 1973இல் பெருவில் எழுத்தறிவுத் திட்டமொன்றில் வேலை செய்தபோது, பார்வையாளர் ஆலோசனை சொல்ல நடிகர்கள் அதை நடித்துக்காட்டும் முறையை வைத்திருந்தார். ஒரு பெண், தான் சொன்னதை நடிகர்கள் சரியாகச் செய்யவில்லை என்று மறுபடி மறுபடி சலித்துக்கொண்டார். கடைசியில் அவரையே மேடைக்கு அழைக்க வேண்டியதாயிற்று. விவாத அரங்கு அப்படிப் பிறந்தது.

இந்த வரலாறு தெரியாமல் நிகழ்ச்சி கேட்பவர்கள் செய்யும் முதல் காரியம், கையில் ஒரு செய்தியோடு வருவது. “கடைசியில எல்லாரும் உதவி எண்ணுக்குப் போன் பண்ணணும்னு வரணும்” என்பார்கள். வேலை வேண்டும் என்று குழுவும் தலையாட்டிவிடும். அப்போது நாடகம் தேர்வுத்தாள் ஆகிவிடுகிறது. என்ன விடை எதிர்பார்க்கிறார்கள் என்பது கூட்டத்துக்குப் பத்து நிமிடத்தில் தெரிந்துவிடும். அப்புறம் எழுந்து வருகிறவர்கள் அந்த விடையைத்தான் நடிப்பார்கள், கைதட்டல் கிடைக்கும், ஒருவரும் நம்பமாட்டார்கள். உங்களுக்கு விடை முன்கூட்டியே தெரியும் என்றால் துண்டறிக்கை அடியுங்கள். வேலை சுலபம், நேர்மையும்கூட.

முழு வடிவத்துக்கு என்ன தேவை என்று பார்ப்போம். இரண்டு பயிற்றுநர்கள் (அதில் ஒருவர் ஜோக்கர்), ஐந்து நாள் பட்டறை, ஒரு நாள் ஒத்திகை, காட்சி நாள். மொத்தம் 14 ஆள்-நாள் உழைப்பு. பங்கேற்பாளர்கள் 12 முதல் 16 பேர். பத்துக்குக் கீழே போனால், ஒருவர் வராத நாளில் வேலை நின்றுவிடும். இருபதைத் தாண்டினால் பாதிப் பேர் வேடிக்கை பார்ப்பார்கள். ஒரு நாளைக்கு நான்கைந்து மணி நேரம் போதும், அதற்கு மேல் உடம்பு ஒத்துழைக்காது. இடம், நாற்காலி இல்லாத வெறும் தரை.

முதல் நாள் முழுக்க விளையாட்டு. இங்கேதான் அழைத்தவர்கள் பொறுமை இழந்து “நேரா நாடகத்துக்குப் போயிடலாமே” என்பார்கள். விடக் கூடாது. கொலம்பியன் ஹிப்னாஸிஸ் என்ற பயிற்சியை எடுத்துக்கொள்ளுங்கள். ஒருவர் தன் உள்ளங்கையை மற்றவர் முகத்துக்கு ஏறக்குறைய ஒரு சாண் தூரத்தில் பிடித்து நகர்த்த, அந்தத் தூரம் மாறாமல் மற்றவர் உடம்பு முழுவதும் பின்தொடர வேண்டும். இரண்டு மூன்று நிமிடம் கழித்து மாற்றிக்கொள்ள வேண்டும். அதிகாரம் உடம்பில் எப்படி இறங்குகிறது என்பதைச் சொற்பொழிவு இல்லாமல் காட்டிவிடும். இதில் கெட்டுப்போவது வேகம். கை பிடிப்பவர் குறும்பாக வேகமாக நகர்த்தினால் விளையாட்டு ஓட்டப்பந்தயமாகி, முட்டிவலிக்காரர்கள் ஒதுங்கிவிடுவார்கள். மிக மெதுவாக, எதிரில் இருப்பவர் உடம்பால் முடிந்த அளவுக்குள் என்று சொல்லித்தான் தொடங்க வேண்டும். முடிந்ததும், கை பிடித்தபோது என்ன தோன்றியது, பின்தொடர்ந்தபோது என்ன தோன்றியது என்று கேட்காத பயிற்றுநர் பாதி வேலைதான் செய்கிறார்.

இரண்டாம் நாள் படிம அரங்கு. பேசக் கூடாது. ஒருவர் மற்றவர்களின் உடம்பைக் களிமண் போல வளைத்துத் தன் பிரச்சினையின் படிமத்தை நிறுத்துவார். தொட வேண்டாம் என்பவர்களுக்குக் கண்ணாடி முறை: சிற்பி செய்துகாட்டுவார், அவர்கள் அதைப் பார்த்து நிற்பார்கள். முதலில் இன்றுள்ள நிலை, அடுத்து வேண்டிய நிலை, பிறகு ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குப் போகும் இடைநிலைகள். பேச்சில் ஒரே குரலில் முழங்கும் குழு, இடைநிலைப் படிமத்தில் நாலாகப் பிரிவதைப் பார்க்கலாம். நாடகத்துக்கான உண்மையான மூலப்பொருள் அந்தப் பிளவுதான். அதை அவசரமாகச் சமாதானப்படுத்தும் பயிற்றுநர் தேவையில்லை.

மூன்றாம் நாள் கதைகள். ஒருவருடைய சொந்தக் கதையை அப்படியே மேடையேற்றுவதை அனுமதிக்காதீர்கள். நாலைந்து கதைகளில் பொதுவாக இருப்பதை எடுத்துப் புதிதாக ஒன்றைக் கட்ட வேண்டும், கதை சொன்னவர் தன் பாத்திரத்தில் தானே நடிக்கவும் கூடாது. காயம் இன்னும் ஆறாதவர்கள் குழுவில் இருந்தால் விவாத அரங்கே தவறான தேர்வு. “நீ வேறு மாதிரி செய்திருக்கலாமே” என்று நூறு பேர் வரிசையாக வந்து காட்டுவது அவர்களுக்குத் தண்டனை. அந்த இடத்தில், 1975இல் அமெரிக்காவில் ஜொனதன் ஃபாக்ஸ், ஜோ சலாஸ் இருவரும் தொடங்கிய பிளேபேக் அரங்கு பொருந்தும். அங்கே கதையைக் கேட்டு அப்போதே நடித்துக் காட்டுவதோடு சரி, யாரும் திருத்த வரமாட்டார்கள்.

நான்காம் ஐந்தாம் நாட்களில் நாடகம் உருவாகிறது. ஒரு எடுத்துக்காட்டு வைத்துக்கொள்வோம்: மிகைநேர வேலை செய்த பெண்ணுக்கு அந்த மணிக்கணக்கு பதிவேட்டில் ஏறவில்லை. முதல் காட்சியில் அவள் அதைக் கவனிக்கிறாள். இரண்டாவதில் மேற்பார்வையாளரிடம் கேட்கிறாள், அவர் சிரித்து மழுப்புகிறார். மூன்றாவதில் சக ஊழியரைச் சாட்சிக்குக் கூப்பிடுகிறாள், அவர் பயந்து நழுவுகிறார். நான்காவதில் தவறான பதிவேட்டில் கையெழுத்துப் போட்டுவிடுகிறாள். நான்கு காட்சி, பார்வையாளர் நுழைய நான்கு வாசல். முதல் காட்சியிலேயே சொந்தக் குறிப்பேடு வைக்கலாம், மூன்றாவதில் சக ஊழியரின் பயத்தை வேறு விதமாகக் கையாளலாம், நான்காவதில் கையெழுத்தை மறுக்கலாம். ஒரே ஒரு வாசல் உள்ள நாடகம் இரண்டு நுழைவோடு படுத்துவிடும். வாசலே இல்லாத நாடகமும் உண்டு: கத்தியோடு ஒருவன் முன்னால் நிற்கும் கணம். அங்கே யோசிக்க நேரமில்லை, தப்பிக்கத்தான் முடியும். அதற்கு முந்தைய நாளில் என்ன நடந்தது என்று பின்னால் போனால்தான் விவாதத்துக்கு இடம் கிடைக்கும்.

மையப் பாத்திரம் போராடித் தோற்க வேண்டும். அழுதுகொண்டே உட்கார்ந்திருப்பவளின் இடத்தில் வந்து நிற்க யாருக்கும் கை துறுதுறுக்காது. மேற்பார்வையாளர் மீசை முறுக்கும் வில்லனாக இருந்தாலும் கெட்டது. அவருக்கும் மேலிடத்து இலக்கு, தன் வேலை போகும் பயம் என்று காரணங்கள் இருக்க வேண்டும். அப்போதுதான் எதிர்பாராத நுழைவுக்கும் அவரால் நம்பும்படி பதில் சொல்ல முடியும். ஒத்திகையில் முக்கால்வாசி நேரத்தை இந்த நடிகருக்கே ஒதுக்கலாம். பத்து விதமான நுழைவுகளை அவர் மீது ஏவிப் பார்க்க வேண்டும். நல்லவராகத் தெரிய ஆசைப்பட்டு இரண்டே வாக்கியத்தில் இறங்கிவருபவரும் உண்டு, வெற்றி வெறியில் கடைசிவரை மசியாமல் கூட்டத்தைச் சோர்வடையச் செய்பவரும் உண்டு. நுழைவு நிஜத்தில் எவ்வளவு அசைக்குமோ அவ்வளவு அசைய வேண்டும். அனுபவத்தில் வருகிற அளவு அது, வாய்ப்பாடு கிடையாது.

நிகழ்ச்சி நிற்பதும் விழுவதும் ஜோக்கரிடம். கூத்தின் கட்டியக்காரன் மாதிரி கிண்டலும் கருத்துமாக அடித்து நொறுக்குவார் என்று எதிர்பார்த்துப் போனால் ஏமாற்றமாக இருக்கும். தன் கருத்தை வாய்க்குள்ளேயே வைத்துக்கொள்வதுதான் இவர் வேலை. விதிகளை மூன்று நிமிடத்துக்குள் சொல்ல வேண்டும். பார்வையாளர் உடம்பைத் தளர்த்த ஒரு சின்னப் பயிற்சி: வலது கையால் காற்றில் வட்டம், அதே நேரம் இடது கையால் சிலுவை. யாருக்கும் சரியாக வராது, எல்லாரும் சிரிப்பார்கள், முன்னால் வந்து தடுமாறினால் பரவாயில்லை என்பது சொல்லாமலே புரிந்துவிடும். ஒவ்வொரு நுழைவுக்குப் பிறகும் முதலில் நுழைந்தவரிடம் என்ன செய்ய நினைத்தீர்கள், நடந்ததா என்று கேட்டு, பின்பு கூட்டத்திடம், எது மாறியது, நிஜத்தில் இது நடக்குமா, அடுத்த நாள் அவளுக்கு என்ன ஆகும் என்று கேட்க வேண்டும். “சூப்பர், இதுதான் சரி” என்ற ஒரு வார்த்தை போதும், அடுத்து யாரும் வேறு வழியோடு வரமாட்டார்கள். மேற்பார்வையாளர் திடீரென்று மனம் திருந்துவது, அந்த நேரம் பார்த்து ஆய்வாளர் வந்து இறங்குவது போன்ற நுழைவுகளை ‘மந்திரம்’ என்பார்கள். அதையும் ஜோக்கர் தள்ளிவிடக் கூடாது, மந்திரமா இல்லையா என்று கூட்டத்தையே தீர்மானிக்க விட வேண்டும்.

ஒரு குழுவை அழைக்கும் முன் ஜோக்கரிடம் கேட்க ஒரு கேள்வி இருக்கிறது: யாருமே எழுந்து வராவிட்டால் என்ன செய்வீர்கள்? பக்கத்திலிருப்பவரோடு இரண்டு நிமிடம் பேசச் சொல்வேன், இருக்கையில் இருந்தபடியே ஆலோசனை சொல்லச் சொல்லி நடிகரை வைத்து அதைச் செய்துபார்ப்பேன், மிகக் கோபமூட்டும் காட்சியை மட்டும் மறுபடி ஓட்டுவேன் என்று பதில் வந்தால் ஆள் தேறியவர். “எங்க ஆள் ஒருத்தரைக் கூட்டத்துல உட்கார வச்சிருப்போம்” என்றால் வேறு குழுவைப் பாருங்கள்.

நுழைபவர் மேற்பார்வையாளரின் இடத்தை எடுக்கலாமா என்பது அடிக்கடி எழும் சச்சரவு. அடிப்படை விதிப்படி கூடாது. ஒடுக்குபவர் நல்லவராக மாறிவிட்டால் பிரச்சினை தீர்ந்ததாக நாடகம் சொல்லும், வெளியே அவர் மாறியிருக்கமாட்டார். சக ஊழியரைப் போல ஆதரவாக மாறக்கூடிய பாத்திரத்தை எடுப்பதற்குப் பல குழுக்கள் இடம் கொடுக்கின்றன. அது நியாயம்தான்.

அரங்க ஏற்பாடு பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. 40 முதல் 100 பேர். உயர மேடை வேண்டாம், படி ஏறுவதே ஒரு தடை. அரைவட்டமாக உட்காரவைத்து நடுவில் இரண்டு நடைவழி விடுங்கள். பார்வையாளர் பக்கம் விளக்கை அணைக்காதீர்கள், இருட்டில் இருப்பவர் எழுந்து வரமாட்டார். சட்டையில் குத்தும் மைக்கை ஒவ்வொரு நுழைவுக்கும் கழற்றி மாட்ட முடியாது. ஆகவே வெறும் குரலுக்கு ஏற்ற இடமாகப் பாருங்கள்.

யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்பது இதையெல்லாம்விட முக்கியம். முன்வரிசையில் நிர்வாகம் இருந்தால் தொழிலாளி எழுந்து வரமாட்டார். வந்தாலும் அடுத்த வாரம் அதற்கான விலையை அவர்தான் கொடுப்பார். முதல் காட்சி பாதிக்கப்பட்டவர்களுக்கு மட்டும் என்பதை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். காணொளி எடுப்பதும் அப்படித்தான். அறிக்கைக்குப் படம் வேண்டும் என்றால் விளையாட்டுப் பயிற்சியின்போது எடுத்துக்கொள்ளட்டும், நுழைவுகளின்போது கேமரா அணைந்திருக்க வேண்டும். அரசியல் நாடகத்தில் ஆபத்து என்பது பேச்சுக்குச் சொல்வதல்ல. கென்யாவில் கமிரிதூ கிராமத்தினரோடு சேர்ந்து நாடகம் உருவாக்கியதற்காக எழுத்தாளர் கூகி வா தியாங்கோ 1977 கடைசியில் விசாரணையின்றிச் சிறை வைக்கப்பட்டார். ஜன நாட்டிய மஞ்ச் என்ற வீதி நாடகக் குழுவின் சஃப்தர் ஹாஷ்மி, 1989 ஜனவரி 1 அன்று டெல்லிக்கு அருகே சாகிபாபாத்தில் வீதி நாடகத்தின் நடுவில் தாக்கப்பட்டு மறுநாள் இறந்தார்.

வீதி நாடகத்தோடு ஒப்பிடுபவர்களுக்கு: வேலைநிறுத்தம் அறிவித்தாயிற்று, ஆட்களைத் திரட்ட வேண்டும் என்றால் பதினைந்து நிமிட வீதி நாடகம்தான் சரி. அடுத்து என்ன செய்வது என்று குழம்பி நிற்கும் நேரத்துக்கு விவாத அரங்கு. கையில் ஆட்களோ நாட்களோ இல்லையென்றால் போவாலின் பத்திரிகை அரங்கை எடுத்துக்கொள்ளலாம். ஒரே செய்தியை இரண்டு நாளிதழ்களிலிருந்து மாற்றி மாற்றி வாசிப்பது, விடுபட்டதைச் சேர்த்து வாசிப்பது என்று ஒரு மாலையில் நாலைந்து பேரால் முடியும். நடிப்பு என்று தெரியாமல் பொது இடத்தில் நடத்தும் கட்புலனாகா அரங்கை யாராவது பரிந்துரைத்தால் மறுத்துவிடுவது நல்லது. ஒப்புதல் இல்லாமல் மாட்டிக்கொள்ளும் வழிப்போக்கருக்கு ஏதாவது ஆனால் பொறுப்பேற்க ஆளில்லை.

பெரும்பாலான நிகழ்ச்சிகள் கோட்டைவிடுவது காட்சி முடிந்த பிறகுதான். ஆறு நுழைவில் ஆறு யோசனை வந்திருக்கும், கலைந்து போகும்போது அவையும் கலைந்துவிடும். போவால் 1993 முதல் 1996 வரை ரியோ டி ஜெனீரோ நகர்மன்ற உறுப்பினராக இருந்தபோது இதற்கு ஒரு வழி கண்டார். நகரின் பல பகுதிகளில் குழுக்கள் விவாத அரங்கு நடத்தின, நுழைவுகள் எழுத்தில் பதிவாயின, அவற்றிலிருந்து சட்ட முன்வரைவுகள் தயாராயின. 13 சட்டங்கள் நிறைவேறின. உங்களிடம் நகர்மன்ற உறுப்பினர் இல்லாவிட்டாலும் இதில் கற்கலாம். நடிக்காத, ஜோக்கருமல்லாத ஒருவர் மூன்று பத்தி கொண்ட தாளோடு உட்கார வேண்டும்: எந்தக் காட்சியில் நுழைந்தார்கள், என்ன செய்தார்கள், எங்கே தடுக்கப்பட்டது. பெயர் எழுத வேண்டாம். அந்தத் தாளை ஒரு வாரத்துக்குள் யார் வாங்கி எந்தக் கூட்டத்தில் வைப்பார் என்பது பட்டறைக்கு முன்பே முடிவாகியிருக்க வேண்டும். முடிவாகவில்லை என்றால் தேதியைத் தள்ளிப் போடுவதே மேல்.

இரண்டாவதாகக் கேட்க வேண்டியது, அதே இடத்தில் அதே ஆட்களுக்கு மூன்று நான்கு வாரம் கழித்து இன்னொரு காட்சி. 1985இல் தொடங்கி மேற்கு வங்கக் கிராமங்களில் இயங்கிவரும் ஜன சன்ஸ்கிருதி என்ற விவாத அரங்குக் குழு ஒரே நாடகத்தை ஒரே ஊருக்குத் திரும்பக் கொண்டுபோவதை வழக்கமாகவே வைத்திருக்கிறது. காரணம் எளிது. முதல் காட்சியில் வருகிற நுழைவுகள் பெரும்பாலும் ஆவேசமான பேச்சாக இருக்கும். இடைப்பட்ட வாரங்களில் சிலர் நிஜத்திலேயே ஏதாவது செய்துபார்த்திருப்பார்கள். இரண்டாம் காட்சியில் அவர்கள் எழுந்து வரும்போது, மேற்பார்வையாளராக நடிப்பவர் புதிதாகத் தயாராகியிருக்க வேண்டும். குழு ஒத்துக்கொண்டால், அந்த இரண்டாம் காட்சிக்கும் முன்னால் அரைநாள் ஒத்திகை கேட்டு வாங்குங்கள்.